முதலாம் ஆண்டு பி.டி.எஸ்.: ஆறாவது மெழுகுக் கட்டையும் போய்விட்டது, இனி என்ன செய்வது?

பதினொன்றாம் பல் (பிப்ரவரி 9, நள்ளிரவு 1.40)

வணக்கம். தூங்கினால் நாளைக்கு வேண்டியது முடியாதே என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தும் ஒன்றும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னைக்கு வெளியே ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் செங்கம் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவள். அப்பா தையல்காரர். கொஞ்சம் மதிப்பெண்ணில் எம்.பி.பி.எஸ். கை நழுவிப்போய் இது கிடைத்தது. ஊரில் "பல் டாக்டரா? அதுவும் டாக்டர்தானா?" என்று கேட்டவர்களுக்கு நானே எரிச்சலோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கே பதில் தெரியவில்லை.

காலை எட்டரைக்கு வகுப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல் உடற்கூறியல். மதியம் டிசெக்‌ஷன் (பதப்படுத்திய உடலை அறுத்துப் படிப்பது) அல்லது மெழுகில் பல் செதுக்குவது. வாரத்தில் இரண்டு நாள் செயற்கைப் பல் லேப். பிளாஸ்டர் மாவு தலைமுடி வரைக்கும் ஏறிவிடும். நான்கு மணிக்கு விடுதிக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டாலும், சோற்றில் கை வைத்ததும் முதலில் ஃபார்மலின் வாடைதான் வருகிறது. அதன்பிறகு ரெக்கார்டு நோட்டு. ஊதாப் பென்சிலும் இளஞ்சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு திசுப் படங்களுக்கு வண்ணம் தீட்டியே மணி பதினொன்று ஆகிவிடுகிறது. பிறகுதான் படிப்பு. அதன்பிறகு மெழுகு.

மெழுகுதான் என்னைக் கொல்கிறது. மேல் வரிசை, வலப்பக்க நடு வெட்டுப்பல். கிரீடம் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) 10.5 மி.மீ., வேர் 13, அகலம் 8.5. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதை இரண்டு மடங்கு அளவில் செதுக்க வேண்டும். ஆறு கட்டை ஆகிவிட்டது. ஆறாவதை இரவு மூன்று மணி வரை உட்கார்ந்து செய்தேன். ஆசிரியர் அதை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்தார், கத்தியால் நடுவில் ஒரு கோடு போட்டார், "பல் மாதிரி இருக்கிறது, பல் இல்லை. மறுபடி" என்றார். அடுத்த மேசைத் தோழி இரண்டாவது கட்டையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டாள்.

முந்தாநாள் டிசெக்‌ஷன் ஹாலில், மெல்லும் தசைகளுக்கு எந்த நரம்பு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். முக்கிளை நரம்பு. தமிழில் தெரியும். இங்கிலீஷ் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. தலைகுனிந்து நின்றேன்.

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுகையும் வருவதில்லை. தலை சீவினால் கொத்தாக முடி வருகிறது. அம்மா போன் செய்தால் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். முதல் இன்டர்னல் தேர்வு பத்து நாளில்.

எல்லோருக்கும் முதல் வருடம் இப்படித்தானா, எனக்கு மட்டுமா? விட்டுவிட்டுத் திரும்ப நீட் எழுதலாமா?

---

கடைசி பெஞ்ச் (பிப்ரவரி 9, காலை 7.15)

நான் மூன்றாம் ஆண்டு. வேறு கல்லூரி, ஆனால் தமிழ் வழிதான். அவசரமாக இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறேன்.

இன்டர்னலை நினைத்துச் சாகாதே. பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடத்தின் தியரிக்கு 100 என்றால் எழுத்துத் தேர்வு 70, வைவா (வாய்மொழித் தேர்வு) 20, உள்மதிப்பீடு 10. அந்தப் பத்துக்குள் ஒரு துண்டுதான் உன்னுடைய இந்தத் தேர்வு. தியரியிலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆண்டில் ஒரு பாடம் போனாலும் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போகலாம். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முன் அதை முடித்தால் போதும். இதை யாரும் முதல் மாதத்தில் சொல்வதில்லை. நான் உயிர்வேதியியலை அப்படித்தான் முடித்தேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

இன்னொன்று, இங்கிலீஷ். அது இங்கிலீஷே இல்லை. லத்தீனும் கிரேக்கமும். கான்வென்டில் படித்தவனுக்கும் அது புரியாத சத்தம்தான், அவன் தைரியமாகச் சத்தம் போடுகிறான், நாம் போடுவதில்லை. ஸ்டெர்னோ க்ளைடோ மாஸ்டாய்டு என்றால் பயந்துவிடாதே, மூன்றாக வெட்டிப் பார். ஸ்டெர்னம், மார்பெலும்பு. கிளாவிக்கிள், காறை எலும்பு. மாஸ்டாய்டு, காதுக்குப் பின்னால் கை வைத்தால் தட்டுப்படுகிற மேடு. அந்தத் தசை அங்கே தொடங்கி இங்கே முடிகிறது. பெயரே முகவரி. நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் அவர்கள் பெயர், வலப்பக்கம் நம் பெயர் என்று எழுதி, இரவு சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. ஹாலில் பெயர் வரவில்லை என்றால் தமிழில் சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும். என் ஆசிரியர் சிரிக்கவில்லை, "சரி, அதையே அவன் பெயரால் சொல்" என்றார்.

மெழுகைப் பற்றி என்னிடம் கேட்காதே. என் முதல் கடைவாய்ப்பல் மரவள்ளிக்கிழங்கு போல இருந்தது.

---

பழைய பேட்ச் (பிப்ரவரி 9, காலை 10.02)

நாங்கள் படித்தபோது செல்போனும் கிடையாது, இந்த மனஅழுத்தம் என்ற வார்த்தையும் கிடையாது. பதினைந்து கட்டை செதுக்கினோம், ஒரு வார்த்தை பேசவில்லை. கஷ்டப்பட்டால்தான் டாக்டர். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாம் உடனே வேண்டும்.

---

காவிரிக்கரை (பிப்ரவரி 9, மதியம் 3.20)

பழைய பேட்ச் ஐயா, பதினைந்து கட்டை செதுக்கியதற்கு வணக்கம். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் இடையில் காணாமல் போனார்கள் என்று உங்கள் பேட்ச் புகைப்படத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். என் பேட்ச் படத்தில் இரண்டு முகம் எங்கே போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இனி தங்கைக்கு. நான் கும்பகோணத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். 2004இல் சேர்ந்தேன். அப்போது நீட் இல்லை, மாநில நுழைவுத் தேர்வு. எனக்கும் எம்.பி.பி.எஸ். மயிரிழையில் போனது. அப்பா சேர்க்கைக் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையை நான் ஒரு வருடம் சுமந்தேன். மற்றவர்கள் புத்தகத்தை மட்டும் சுமந்தார்கள். நானோ புத்தகத்தோடு துக்கத்தையும் சுமந்துகொண்டு, பாரம் தாங்கவில்லையே என்று புத்தகத்தைத் திட்டினேன். உன் பதிவில் மெழுகும் ஊர்க்காரர் கேள்வியும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் என் நினைவு வந்தது. இரண்டும் வேறு வேறு மூட்டை, தங்கை. ஒன்றுக்கு நேர அட்டவணை போட்டால் தீரும். மற்றதற்கு யாரிடமாவது உட்கார்ந்து அழ வேண்டும், அதற்கு அட்டவணை உதவாது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், பின்பற்றுவதற்கு அல்ல. இரவு இரண்டு மணிவரை உடற்கூறியல் படித்தேன். அடிக்கோடு போட்டேன், அடிக்கோட்டுக்கு அடிக்கோடு போட்டேன். தேர்வு நாளில் வைவா மேசையில் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் எலும்புகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வயதானவர், கீழ்த்தாடை எலும்பை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன், முகத்து எலும்புகளில் பெரியது, வலியது என்று மூச்சு விடாமல். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒப்பிக்க வேண்டாம் அம்மா. லிங்குலா எங்கே, தொட்டுக் காட்டு" என்றார். லிங்குலாவைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதுவேன். ஆனால் என் கட்டைவிரல் எலும்பின் வெளிப்பக்கத்தில் போய் நின்றது. அது உள்பக்கம் இருக்கும் சின்ன நாக்கு போன்ற முனை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எலும்பை வாங்கித் துணியின்மேல் வைத்துவிட்டார். அந்தப் பாடத்தில் தோற்றேன், ஆறு மாதம் பின்தங்கிய பேட்சில் உட்கார்ந்தேன்.

அந்த ஆறு மாதத்தில்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு சீனியர் அக்காவிடம் எலும்பு செட்டை இரவல் வாங்கி வந்து, அந்தத் தாடையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். என் அறைத்தோழி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. டீ குடிக்கும்போது ஒரு கையில் டம்ளர், மறு கையில் தாடை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போவேன். இது முன்கடைவாய்ப்பல்லுக்குக் கீழே உள்ள துளை, இது உள்பக்க வரி, இது லிங்குலா. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை. இன்றைக்கும் கீழ்ப்பல் பிடுங்க ஊசி போடுவதற்கு முன் நோயாளியின் வாய்க்குள் கட்டைவிரலை வைத்துத் தாடையின் முன்விளிம்புப் பள்ளத்தைத் தேடுவேன். அப்போது மனதில் புத்தகம் வருவதில்லை. டீ வாசனை வருகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், பள்ளியில் நாம் ஒரே ஒரு விதமாகப் படிக்கத்தான் கற்றோம். உட்கார்ந்தால் ஏறும், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். பல் மருத்துவத்தில் பாதி கை. கைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் கொடுத்தால் அது கற்றுக்கொள்ளாது, நாளைக்கு அரை மணி வீதம் பத்து நாள் கொடுத்து நடுவில் தூங்கவும் விட வேண்டும். நீ தூங்காமல் செதுக்கிய ஆறாவது கட்டை முதல் கட்டையைவிட மோசமாக இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது டாக்டராக. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட் என்பதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலையை ஒட்டி வரும் ஒரு நிலை என்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மீது வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அடையாளம். முதலாவதும் மூன்றாவதும் உன்னிடம் தெரிகின்றன. இரண்டாவது வந்ததாகத் தெரியவில்லை. வெறுத்துப்போனவள் நள்ளிரவில் 10.5 மி.மீ. என்று புள்ளி வைத்து எழுத மாட்டாள்.

ஆனால் ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்ப்பதையும் அழுகை வராததையும் நான் பர்ன் அவுட் என்று தள்ளிவிட மாட்டேன். முடி கொட்டுவதற்கும் சோர்வுக்கும் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடு. விடுதிச் சாப்பாட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது சாதாரணம், பல பேர் அதை மனக்கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ரத்தம் சரியாக இருந்தும் இந்த நிலை நீடித்தால் மனநல மருத்துவரைப் பார். உயிரோடு இருந்து என்ன என்பது போல ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால்கூடக் காத்திருக்காதே, அந்த நிமிடமே 14416க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாநில மருத்துவ உதவி எண் 104க்கும் பேசலாம். இதைக் கேட்பதில் வெட்கமில்லை. உனக்கு அப்படி ஏதாவது தோன்றுகிறதா? இங்கேயே சொல்ல வேண்டாம், எனக்குத் தனியாக எழுது.

நீட் மறுபடி எழுதுவதா என்ற கேள்விக்கு நள்ளிரவு 1.40க்குப் பதில் தேடாதே. முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குப் போய், நான்கு நாள் தூங்கி எழுந்த பிறகு ஒரு காலையில் யோசி. அதற்குள் சேர்க்கைக் கையேட்டில் இடையில் விலகுவோருக்கான விதிகளையும் படித்து வைத்துக்கொள். விட்டுப் போவது தப்பே இல்லை. களைப்பில் விட்டுப் போனால்தான், அந்த முடிவை எடுத்தது நீயா உன் தூக்கமா என்று பிறகு தெரியாது.

கடைசியாக ஒன்று. உன் பெயரைப் பதினொன்றாம் பல் என்று வைத்திருக்கிறாய். அந்த எண்ணைப் பதினொன்று என்று படிக்கக் கூடாது, ஒன்று ஒன்று என்று படிக்க வேண்டும். முதல் ஒன்று வாயின் வலப்பக்க மேல் கால்பகுதி, இரண்டாவது ஒன்று நடுவிலிருந்து முதல் பல். வைவாவில் இதற்கே ஒரு திட்டு கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

---

மெழுகுக் கை (பிப்ரவரி 9, இரவு 9.45)

நான் டாக்டர் இல்லை. மதுரையில் டென்டல் லேப் வைத்திருக்கிறேன். 24 வருடமாக மெழுகில் பல் கட்டுவதுதான் சோறு. டாக்டர் அம்மா சொன்னதெல்லாம் சரி, மெழுகு பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

இங்கே பார் அம்மா, முதலில் ஒரு கேள்வி. நீ செதுக்கிய ஆறு பல்லையும் வரிசையாக வை. அது வலப்பக்கப் பல்லா இடப்பக்கப் பல்லா என்று உன் விடுதியில் யாரையாவது கூப்பிட்டுக் கேள். அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் ஆசிரியர் ஏன் கோடு போட்டார் என்பது புரிந்துவிடும். நடு வெட்டுப்பல்லின் கீழ் விளிம்பில் இரண்டு மூலை உண்டு. நடுக்கோட்டைப் பார்த்த மூலை கூராக, ஏறக்குறைய சதுர மூலை போல இருக்கும். மறுபக்கத்து மூலை உருண்டிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றுபோல உருட்டிவிடுவார்கள். அப்போது அது பல் மாதிரி இருக்கும், ஆனால் எந்த வாயிலும் உட்காராது. ஈறுக்கோட்டையும் பார். பக்கவாட்டில் அது கீழ் விளிம்பை நோக்கி வளையும், நடுக்கோட்டுப் பக்கம் 3.5 மி.மீ., மறுபக்கம் 2.5. இந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தில்தான் பல்லுக்கு உயிர் வருகிறது. உன் கட்டையில் இதுவும் இரண்டு மடங்கு, மறந்துவிடாதே.

வேலையை முன்பக்கத்திலிருந்து தொடங்காதே. எல்லோரும் முகத்தைத்தான் முதலில் வரைவார்கள். நீ கட்டையின் பக்கவாட்டில் பல்லின் பக்கவாட்டு உருவத்தை வரைந்து, அதை முதலில் வெட்டு. கீழ் விளிம்பு வேரின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பிறகு முன்பக்க உருவம். இரண்டும் வெட்டிய பிறகு உன் கையில் ஒரு சதுரப் பல் இருக்கும், பார்க்கச் சகிக்காது. பயப்படாதே, அது சரியான சதுரம். அப்புறம்தான் மூலைகளை இழைக்க வேண்டும்.

கத்தியைத் தீட்டினாயா? லெக்ரான் கார்வரைக் கடையில் வாங்கியபடியே வைத்திருப்பார்கள், அது மெழுகைச் சீவாது, பிய்க்கும். எண்ணெய்க் கல்லில் பத்து இழுப்பு இழு. மெழுகுச் சுருள் வெங்காயத் தோல் மாதிரி நீளமாக வந்தால் கத்தி சரி. தூளாகக் கொட்டினால் ஒன்று கத்தி மொண்ணை, இல்லை மெழுகு குளிர்ந்திருக்கிறது. உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்துவிட்டு மறுபடி எடு. ஏப்ரல், மே வந்தால் இதற்கு நேர் எதிர், கை பட்டாலே குழையும். பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அவ்வப்போது முக்கி எடுக்க வேண்டும். கடைசி மெருகுக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, அதன்பிறகு பழைய பட்டுத்துணி. உங்கள் வீட்டில் துணிக்குப் பஞ்சமிருக்காது.

கொஞ்சமாக எடு. மெழுகை எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியும், சூடான கத்தியால் சொட்டு வைத்தால் போதும், நாங்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். ஆனால் செதுக்கும் தேர்வில் ஒட்ட விடுவார்களா என்று உன் ஆசிரியரிடம் கேட்டுக்கொள். அதனால்தான் சொல்கிறேன், களைப்போடு கத்தியைத் தொடாதே. என் லேபில் பையன்கள் இரவு வேலை பார்த்தால் பிளாஸ்டர் ஊற்றுவார்கள், அச்சைத் தேய்ப்பார்கள், பெட்டிக்குச் சீட்டு எழுதுவார்கள். மெழுகுக் கத்தியை நான் பூட்டி வைத்துவிடுவேன்.

உன் அப்பா தையல்காரர் என்றாயே. வாடிக்கையாளர் கொடுத்த புதுத் துணியில் இரவு எத்தனை மணிக்குமேல் கத்தரி வைக்க மாட்டார் என்று அவரிடம் கேட்டுப் பார்.

---

பழைய பேட்ச் (பிப்ரவரி 10, காலை 6.30)

காவிரிக்கரை டாக்டர், புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

---

பதினொன்றாம் பல் (பிப்ரவரி 27, மாலை 6.10)

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காவிரிக்கரை அக்காவுக்குத் தனியாக எழுதினேன், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், அது அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.

ஹீமோகுளோபின் 8.9. எங்கள் கல்லூரியிலேயே பொது மருத்துவம் எடுக்கும் டாக்டர் அம்மாதான் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். தைராய்டு சரியாக இருக்கிறது. மாத்திரை தின்றால் வாயில் இரும்புக் கம்பியை நக்கியது போல இருக்கிறது, வேறு ஒன்றும் பெரிய மாற்றம் இன்னும் தெரியவில்லை.

அன்றே அப்பாவிடம் கேட்டேன். அவர் முதலில் "ஏன் கேட்கிறாய், மறுபடியும் யாராவது துணி தைக்கச் சொன்னார்களா" என்றார். விடுதித் தோழிகளின் சுடிதாரை அளவு குறைத்துக் கொடுப்பது என் பக்கத் தொழில், அது அவருக்குப் பிடிக்காது. அப்புறம் சொன்னார்: விளக்கு வைத்த பிறகு வெட்ட மாட்டாராம். தீபாவளி நெருக்கடியில்கூட வெட்டுவதெல்லாம் விடியற்காலையில். ராத்திரியில் காஜா எடுப்பார், பட்டன் கட்டுவார், ஓரம் மடிப்பார். "பட்டன் கோணினால் பிரித்துத் தைக்கலாம், துணி கோணினால் யார் காசு கொடுப்பது" என்றார். இதையெல்லாம் வீட்டிலேயே பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அதனால் மாற்றிக்கொண்டேன். ராத்திரியில் பென்சில் வேலை மட்டும், பத்தரை வரை. படம் கோணினால் ரப்பர் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி மெழுகு, அரை மணி முடிந்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். முதல் மூன்று நாள் வைக்கக் கை வரவில்லை. எழுந்திருக்கவே முடியாத நாட்களும் இருந்தன, இரண்டு.

ஏழாவது கட்டை நான்கு காலையில் முடிந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் மெழுகுக் கை ஐயா சொன்னபடி பழைய பற்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். உண்மைதான், இரண்டு மூலையும் எல்லாவற்றிலும் உருண்டை. ஆசிரியர் புதியதைத் திருப்பிப் பார்த்தார். கத்தி எடுக்கவில்லை. "வேர் கொஞ்சம் தடிமன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் ஹாலை விட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பல்லைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன், அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய் அடுத்த நாள் பஸ்ஸில் வந்துவிட்டார், முருங்கைக்கீரைப் பொடியோடு.

இன்டர்னலில் உடற்கூறியல் சுமார்தான், உயிர்வேதியியல் போய்விட்டது. கடைசி பெஞ்ச் அண்ணா, உங்கள் நோட்டு முறையில் இருநூறு வார்த்தை தாண்டிவிட்டேன். இந்த முறை ஹாலில் "டிரைஜெமினல், அதன் மாண்டிபுலர் கிளை" என்று சத்தமாகச் சொன்னேன். ஆசிரியர் கேட்டது வேறு நரம்பு.

நீட் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. தேர்வு முடியட்டும்.

இப்போது அவசரம்: வெள்ளிக்கிழமைக்குள் 16 கொடுக்க வேண்டும், மேல் முதல் கடைவாய்ப்பல். அந்தக் காராபெல்லி மேட்டை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது? தோழிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

---

மெழுகுக் கை (பிப்ரவரி 27, இரவு 8.05)

அண்ணத்துப் பக்கம், முன்னால் இருக்கும் பெரிய மேட்டின்மேல். அதுதான் நான்கிலும் பெரியது, அதை முதலில் நிறுத்து. காராபெல்லி அதன் தோளில் ஒட்டின சின்னப் புடைப்பு, பெரிய மேட்டின் உச்சிவரை ஏற்றிவிடாதே, கீழேயே நிறுத்து. எல்லோர் வாயிலும் அது இருக்காது, உன் பல்லில் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார். காலையில் செய்.